வீட்டு மொழியும் ஏட்டு மொழியும்

அமெரிக்க அரசியலில் கியூபா என்றவுடன் 1959-ஆம் ஆண்டுப் புரட்சியும் 1962-ஆம் ஆண்டு ஏவுகணை நெருக்கடியும் நினைவுக்கு வரும். அந்நாட்டுக் கலையுலகிலோ கியூபா என்பது மாம்போ இசை. கியூபப் பெற்றோருக்கு நியூயார்க்கில் பிறந்த ஆஸ்கார் இஹுவேலோஸ், மாம்போ இசைக்கும் உடன்பிறந்தார் இருவரைப் பற்றி ஆங்கிலத்தில் நாவல் எழுதி, 1990-இல் புலிட்சர் பரிசு பெற்றார். பகைநாடெனப்பட்ட மண்ணின் மணம் ஆங்கில இலக்கியத்துள் தடையின்றிப் புகுந்தது.

பெங்களூர்த் தமிழராகிய நமக்கும் இவ்வாறு இரு முகங்கள் உண்டு. அல்சூரில் 1991-இல் திறக்கப்பட வேண்டிய வள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் திறக்கப்பெற்றது. நான்கு நாள் கழித்துச் சென்னையில் சர்வக்ஞர் சிலை திறக்கப்பெற்றது. காவிரிப் பூசலில் 1991 திசம்பரில் இந்நகரத் தமிழ்க் குடும்பங்கள் பட்ட பாட்டை ஈண்டு விரிக்க வேண்டா.

இலக்கிய வாயிலோ நெடுங்காலம் முன்பே திறந்திருந்தது. கன்னட நாடகத்துக்குப் புதுநெறி கண்ட கைலாசம் தமிழ்க் குடும்பத்தவர். ஆங்கிலம் விரவிய நகரத்துக் கன்னடத்தை அவர் மேடையேற்றினார். வீட்டில் ஒரு மொழியும் வெளியே வேறு மொழியும் கேட்டு வளர்ந்த செவிக்கே அப்பேச்சின் நெளிவுசுளிவு அத்துணைக் கூர்மையாகப் பிடிபடும் என்பது என் துணிபு.

மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் நிலை வேறு. கோலார் மாவட்டத்தில் 1891-இல் தமிழ் பேசும் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் ஆங்கில இலக்கியம் பயின்றவர். கன்னடச் சிறுகதையின் தந்தை எனப் போற்றப்பெறுபவர். 1983-ஆம் ஆண்டின் ஞானபீடம் அவருக்கு வழங்கப்பெற்றது. குடகின் கடைசி அரசனைப் பற்றிய ‘சிக்கவீர ராஜேந்திர’ நாவலில் தமிழின் சாயலைத் தேடுவோர் ஏமாறுவர். கொடுமையில் மூழ்கும் அரசன், அவனை வெறுத்து ஆங்கிலேயர்பால் சாயும் அமைச்சன் போபண்ணா, 1834-இல் நாடு கைமாறும் அவலம் ஆகியவற்றை அவர் கூறும் முறையில் சினமில்லை, பரிவுண்டு. அரசனை அரக்கனாக்கியிருந்தால் கதை எளிதாகியிருக்கும். மாஸ்தி அதனைச் செய்யவில்லை. நடை சில இடங்களில் மிகத் தளர்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இஹுவேலோஸின் பக்கங்களில் கியூபா வெளிப்படையாக ஒலிக்கிறது. மாஸ்தியிடம் தமிழ் முற்றும் கரைந்துவிட்டது. அவரை ‘நம்மவர்’ என்று மலர்களில் உரிமை கொண்டாடுகிறோம். ‘மாஸ்தி கன்னடத்தின் ஆஸ்தி’ என்று கன்னடர் கூறுவதே பொருந்தும். நம்முள் எத்தனை பேர் அவரைப் படித்திருக்கிறோம்? மைசூரில் பிறந்து, கன்னடத்தில் கவிதை எழுதி, சிகாகோவில் இருந்துகொண்டு குறுந்தொகைப் பாடல்களை 1967-இல் ஆங்கிலத்தில் தந்த ஏ.கே. ராமானுஜனைப் பற்றியும் இதே வினாவை எழுப்பலாம்.

என் மகள் ஒருநாள் மாலை மாஸ்தியின் கதையொன்றைக் கன்னடத்தில் உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். “இவர் வீட்டில் தமிழ்தானம்மா பேசுவார்” என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்து, “அப்பா, நீங்கள் இவர் எழுதியது எதைப் படித்திருக்கிறீர்கள்?” என்றாள். நாற்பதாண்டுகள் இந்நகரில் வாழ்ந்த நான், அன்றிரவுதான் அவளிடம் கன்னட எழுத்துகளைக் கற்கத் தொடங்கினேன்.