மாங்கனீஸ் ஒரு சிட்டிகை

மக்னீசியத் துண்டுக்கு மெருகேற்றுவது லேசான வேலை இல்லை. கடைசித் தேய்ப்பில் தண்ணீர் பட்டால் பரப்பு மங்கிவிடும். ஆல்கஹால் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். ஏஇசட்91 என்ற மக்னீசியக் கலவையை அப்படித் தேய்த்து, கொஞ்சம் அமிலம் காட்டி, நுண்ணோக்கியில் பார்த்தால் பட்ட பாடு மறந்துபோகும். பெயரே பக்குவம் சொல்கிறது: அலுமினியம் 9 சதவீதம், துத்தநாகம் 1.

மக்னீசிய மணிகளின் ஓரமெல்லாம் பாகு இறுகியதுபோல ஒரு சேர்மம். 17 மக்னீசிய அணுவுக்கு 12 அலுமினிய அணு. கடினம் கூடுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. தூய வார்ப்பு மக்னீசியத்தின் பிரினெல் கடின எண் 30ஐ ஒட்டி நிற்கும்; இந்தக் கலவையில் 60ஐத் தாண்டும். ஆனால் அரிப்பு விஷயத்தில் இது இரட்டை வேடக்காரன். இடைவெளியில்லாமல் வலையாகப் பின்னிக் கிடந்தால் வேலி. தீவு தீவாகச் சிதறிக் கிடந்தாலோ, உப்புநீர் பட்டதும் மின்கலத்தின் ஒரு முனையாகி, அருகிலுள்ள மக்னீசியத்தைக் கரைய வைக்கும். வலையா, தீவா என்பது வார்ப்பு ஆறும் வேகத்தைப் பொறுத்தது.

கடினமாக்குவதை நான் பெரிய வித்தையாக நினைப்பதில்லை. என்னை மயக்குவது மாங்கனீஸ். கடற்காற்றில் மக்னீசியம் நிற்காது என்ற கெட்ட பெயர் வெகுகாலம் இருந்தது. 1942இல் ஹனவால்ட், நெல்சன், பெலூபெட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் உண்மைக் குற்றவாளிகளைக் காட்டினார்கள்: இரும்பு, நிக்கல், செம்பு. தூய மக்னீசியத்தில் இரும்பு பத்து லட்சத்தில் 170 பங்கைத் தாண்டினால் அரிப்பு தாவி ஏறும். நிக்கலுக்கோ 5 பங்கே எல்லை. உருக்கும் எஃகுச் சட்டியிலிருந்தே இரும்பு கசியும் என்பதுதான் வேடிக்கை. நிக்கல் கலந்த எவர்சில்வர் சட்டி இன்னும் மோசம்.

இங்கேதான் மாங்கனீஸ் வருகிறது, அரை சதவீதத்துக்கும் குறைவாக. உருகிய உலோகம் சற்று ஆறும்போது அது அலுமினியத்தோடு சேர்ந்து இரும்பைக் கட்டிப்பிடித்து, கனமான துகளாகிச் சட்டியடியில் இறங்கும். இறங்காமல் மிதக்கும் மிச்சத் துகள்களிலும் இரும்பின் கடி குறைந்திருக்கும். ஆனால் நிக்கலிடம் இந்த வித்தை பலிக்காது. அதை முதலிலேயே உள்ளே விடாமல் இருப்பது ஒன்றே வழி.

மணிகளைப் பொடியாக்கும் சிர்கோனியத்தையும் சொல்லலாம். ஆனால் அலுமினியம் இருக்கும் சட்டியில் அது வேலைக்கு ஆகாது. இரண்டும் சேர்ந்து கெட்டித்து அடியில் போய்விடும்.

அந்த அடி வண்டலைக் கலக்கிவிடக் கூடாது என்பதால், கைதேர்ந்த வார்ப்புக்காரர் அகப்பையை அடிவரை விடமாட்டார், நடுவிலிருந்தே மொள்ளுவார்.