கோடுகள் இல்லாத வரைபடம்

கணிப்பொறித் துறையில் அடியெடுத்து வைக்கும் மாணவர்கள் மலைத்து நிற்பது ஒரு வரைபடத்தின் முன்னால்தான். ‘கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷன்’ வெளியிட்டுவரும் ‘லேண்ட்ஸ்கேப்’ அது. 2015இல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ்த் தோன்றிய இவ்வமைப்பு, மேகக் கணிமைக்கென்றே எழுதப்பட்ட திறமூல மென்பொருள்களைப் பேணி வருகிறது. வரைபடத்திலோ பெட்டி பெட்டியாக நூற்றுக்கணக்கான சின்னங்கள். இத்துறையின் சூழலமைப்பைப் புரிந்துகொள்ள இதைப் பாருங்கள் என்கிறார்கள். பார்த்தால் புரிகிறதா?

சூழலமைப்பு என்ற சொல் உயிரியலிலிருந்து இரவல் வாங்கியது. ஒரு குளத்தின் சூழலமைப்பை விளக்கப் பாசி, புழு, மீன், கொக்கு என்று பெயரெழுதி ஒட்டினால் போதாது. எதை எது உண்டு வாழ்கிறது என்று காட்ட வேண்டும். இவ்வரைபடம் பெயர் ஒட்டுவதோடு நின்றுவிடுகிறது.

குபர்நெட்டிஸை எடுத்துக்கொள்வோம். ஒரு நிரலையும் அதற்கு வேண்டிய துணைக்கோப்புகளையும் சேர்த்துக் கட்டிய பொதிக்குக் ‘கன்டெய்னர்’ என்று பெயர். பல கணிப்பொறிகளில் பரவிக்கிடக்கும் கன்டெய்னர்களை மேய்த்து, ஒன்று விழுந்தால் இன்னொன்றை எழுப்புவது குபர்நெட்டிஸின் வேலை. கூகுள் இதை 2014இல் வெளியிட்டது. கிரேக்க மொழியில் ‘சுக்கான் பிடிப்பவர்’ என்று பொருள், பொருத்தமான பெயர்தான்! ஆனால் இந்தச் சுக்கானியார் தாமாக எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. எது எங்கே ஓட வேண்டும் என்ற கணக்கு முழுவதும் ‘எட்சிடி’ என்னும் தரவுக் கிடங்கில் இருக்கிறது. அது படுத்துவிட்டால் ஓடிக்கொண்டிருப்பவை ஓடும். புதிதாக எதையும் தொடங்கவோ மாற்றவோ முடியாது. கன்டெய்னரை நேரில் இயக்குவது பெரும்பாலும் ‘கன்டெய்னர்டி’. பெயரைச் சொன்னால் முகவரி தருவது ‘கோர்டிஎன்எஸ்’.

இந்த நான்கும் வரைபடத்தில் மூன்று தனித்தனிப் பகுதிகளில், ஒன்றையொன்று அறியாதவை போல உட்கார்ந்திருக்கின்றன. இடையே ஒரு கோடுகூட இல்லை. போதாக்குறைக்கு, மூல நிரலை வெளியிடாத வணிகப் பொருள்களும் பக்கத்திலேயே இடம் பிடித்திருக்கின்றன.

நல்லதையும் சொல்ல வேண்டும். ‘சாண்ட்பாக்ஸ்’, ‘இன்குபேட்டிங்’, ‘கிராஜுவேட்டட்’ என்று திட்டங்களின் முதிர்ச்சியை மூன்று படிகளாகக் குறித்திருப்பது பயனுள்ளது. 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கிய ‘புரொமீதியஸ்’ என்ற கண்காணிப்புக் கருவி 2016இல் அமைப்பில் சேர்ந்து, 2018இல் பட்டம் பெற்றது. எதைத் துணிந்து கற்கலாம் என்பதற்கு இப்படிகள் ஓரளவு வழி காட்டும்.

ஓரளவுதான். குபர்நெட்டிஸும் 2018இல் பட்டம் பெற்றதே. அதன் குடைக்குள்ளேயே ‘இங்கிரஸ் என்ஜின்எக்ஸ்’ என்ற வாயிற்காவலன் இருந்தது. வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை உரிய இடத்துக்குத் திருப்பிவிடும் இம்மென்பொருளை உலகெங்கும் எத்தனையோ நிறுவனங்கள் நம்பியிருந்தன. 2025 நவம்பரில் குபர்நெட்டிஸ் குழுவினர் ஓர் அறிவிப்பை வெளியிட்டார்கள்: 2026 மார்ச்சுக்குப் பின் இதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள்கூட வராது. காரணம், பல ஆண்டுகளாக ஓரிருவர் மட்டுமே, வேலைநேரம் போக மிஞ்சிய மாலைகளிலும் வாரக் கடைசிகளிலும், இதைக் கவனித்து வந்தார்கள்.

சின்னங்களைச் சற்றுச் சிறிதாக்கி, ஒவ்வொன்றின் கீழும் அதைப் பராமரிப்போர் எத்தனை பேர் என்ற ஓர் எண்ணை அச்சிட்டிருந்தால், இந்தச் செய்தி பலருக்கு முன்னமே எட்டியிருக்கும்.