உருவாக்கியாயிற்று, கணக்கில் இருக்கிறதா?

புதிய தரவுத்தளம் வேண்டுமென்றால் டிபிஏ எனும் தரவுத்தள நிர்வாகிக்கு டிக்கெட் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. அவர் லேசில் கொடுத்துவிட மாட்டார். எதற்கு, யாருக்கு, எவ்வளவு இடம், எத்தனை நாளைக்கு என்று துருவித் துருவிக் கேட்பார். 2009 அக்டோபரில் அமேசானின் கிளவுட் தரவுத்தளச் சேவையான ஆர்டிஎஸ் வந்தது. அந்த உரையாடல் ஒற்றை ஏபிஐ அழைப்பாகச் சுருங்கியது. இன்று கூகுள் கிளவுட் வொர்க்ஃப்ளோஸில் சில வரிகள் எழுதிவிட்டால் தரவுத்தளம் உருவாகி முடியும்வரை கருவியே காத்திருந்து அடுத்த படிக்கு நகர்கிறது.

இதன் பலன் சிறிதல்ல. பத்துச் சோதனைச் சூழல்களும் ஒரே வார்ப்பில் வரும். பேக்கப்பை இயக்க மறந்துபோவது, கடவுச்சொல்லைச் சாட்டில் அனுப்புவது போன்ற கைத்தவறுகள் குறையும். ஸ்கிரிப்ட் கிட்டில் இருந்தால் யார் எப்போது எதை மாற்றினார் என்பதும் தெரியும்.

ஆனால் டிபிஏ கேட்ட கேள்விகளை ஸ்கிரிப்ட் கேட்பதில்லை. நெட்வொர்க் தடங்கி பதில் வராமல் போனால் அது மறுபடி முயலும். பெயரை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கும்படி எழுதியிருந்தால் ஒன்றுக்கு இரண்டாகத் தரவுத்தளம் நிற்கும். நிலையான பெயர் கொடுத்திருந்தால் ‘ஏற்கெனவே உள்ளது’ என்ற பிழையோடு போகும். அந்தப் பிழை நமக்கு நன்மை. அதை எரிச்சலோடு அணைத்துவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேட்கப்படாத கேள்வி எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் நடந்ததே சாட்சி. யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியத்துக்காகத் தனியார் கிளவுட் ஒன்றை அமைத்தபோது, கூகுள் ஊழியர்கள் தங்கள் உள்கருவியில் ஒரு மதிப்பைக் காலியாக விட்டிருந்தார்கள். அந்தக் காலியிடத்தைக் கருவி ‘ஓராண்டுத் தவணை’ என்று எடுத்துக்கொண்டது. ஆண்டு முடிந்ததும் வாடிக்கையாளருக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் அதை அழித்துவிட்டது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களால் நாள்கணக்கில் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது மீட்புக்குக் கைகொடுத்தது. எல்லாத் தரவுத்தளத்துக்கும் முடிவு நாள் வேண்டும் என்று வாதிடுபவன் நான். அந்த நாள் யார் கண்ணிலும் படாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் இந்தச் சம்பவம் எனக்குச் சொல்லிவிட்டது.

கண்ணில் படவேண்டிய இடம், இருக்கும் தரவுத்தளங்களின் பட்டியல். வொர்க்ஃப்ளோக்களில் ஒப்புக்கு எழுதப்படுவதும் அந்தப் பகுதிதான். ஆர்டிஎஸ்ஸின் ஏபிஐயை நேரடியாக அழைத்தால் ஒரு பக்கத்துக்கு 100 பதிவுகளும், மீதி இருப்பதைக் காட்டும் ஓர் அடையாளக் குறியும் வரும். குறியைப் பின்தொடராத ஸ்கிரிப்டுக்கு 101-வது தரவுத்தளம் இல்லவே இல்லை. மும்பைப் பிராந்தியத்தில் கேட்டால் மும்பையில் உள்ளவை மட்டும் வரும். யாரோ வர்ஜீனியாவில் தொடங்கி மறந்தது வராது. பில் மட்டும் தவறாமல் வரும்.

நிறுத்திவைத்தோமே என்று நிம்மதியாக இருக்கவும் வழியில்லை. ஆர்டிஎஸ்ஸில் நிறுத்திய தரவுத்தளம் 7 நாள் கழிந்ததும் தானாகவே ஓடத் தொடங்கிவிடும். நின்றிருந்த நாட்களிலும் சேமிப்பிடத்துக்குக் கட்டணம் உண்டு.

வந்த பட்டியலிலாவது என்ன இருக்கிறது? டெஸ்ட்1, டெஸ்ட்2, டெஸ்ட்-புதுசு. கல்யாண வீட்டு மொய் நோட்டில்கூட ஊரும் பேரும் தொகையும் எழுதுகிறோம். உரிமையாளர், நோக்கம், முடிவு நாள் என்ற மூன்று டேக்குகளைக் கொடுக்காவிட்டால் உருவாக்கும் படியே தோற்றுப்போகும்படி எழுதிவிடலாம். அதற்கு நாலைந்து வரி போதும். முடிவு நாள் நெருங்கும்போது அழிப்பதற்கு முன் உரிமையாளருக்கு மின்னஞ்சல் அனுப்ப இன்னும் சில வரி.

என்னிடம் ரிவ்யூவுக்கு வரும் உருவாக்க ஸ்கிரிப்டோடு இந்தப் பட்டியல் ஸ்கிரிப்டும் வரவேண்டும். வராவிட்டால் ஒப்புதல் கிடையாது.