அணங்கும் தம்மிறையும்
தொல்காப்பியர் அச்சம் பிறக்கும் களன் நான்கனுள் அணங்கை முதலிலும் தம்மிறையை இறுதியிலும் வைத்தார். ஆண்ட்ரூ ஜோசப் வைட் 2023இல் வெளியிட்ட 'தி ஸ்பிரிட் பேர்ஸ் இட்ஸ் டீத்' என்னும் ஆங்கிலப் புதினத்தில் பின்னது முந்துகிறது. களம், 1883ஆம் ஆண்டின் இலண்டன். கதைத்தலைவன் சைலஸ் திருநம்பி, ஆட்டிசம் உடையவன். பெற்றோர் அவனைப் பெண்ணாகவே கொண்டு மணம்பேசுகின்றனர்; தப்பியோட முயன்றவன் 'திரைநோய்' பற்றியவன் என அடைக்கப்படுகிறான்.

ஆட்டிசம் என்னும் சொல் லியோ கானரின் 1943ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பின்னரே இன்றைய பொருளில் பரவிற்று. 1883க்கு அதனை ஏற்றுதல் காலவழு அன்றோ எனின், அன்று. கதைமாந்தர் அச்சொல்லை வழங்கிலர், இயல்பே காட்டப்படுகிறது. குறை வேறோரிடத்து உளது. பெற்றோர் தரும் அச்சம் 'தம்' என்னும் அடைக்குத் தக்க சான்று. கொலைபுரியும் பள்ளித்தலைவர் வந்தபின் அது கள்வர்க்கு அஞ்சும் அச்சமாகச் சுருங்குகிறது.