சென்னை வார உரைகள்: அரங்கில் பேசப்படுவதும் ஆவணத்தில் எஞ்சுவதும்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 22ஆம் நாளை ஒட்டிச் சென்னையில் நடக்கும் உரைகள், மரபு நடைகள், கண்காட்சிகள், வினாடி வினாக்கள் ஆகியவை சேர்ந்ததே சென்னை வாரம். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த பிரான்சிஸ் டே, தாமர்ல நாயக்கர்களிடமிருந்து கடலோர மணற்பரப்பு ஒன்றில் கோட்டை எழுப்ப ஒப்புதல் பெற்றதை இந்நாள் நினைவுகூர்கிறது. வரலாற்றெழுத்தாளர் எஸ். முத்தையா, இதழாளர்கள் சசி நாயர், வின்சென்ட் டிசூசா ஆகிய மூவரும் 2004இல் இதைத் தொடங்கினர். ஒரு நாள் கொண்டாட்டம் சில ஆண்டுகளில் வாரமாக நீண்டது. இப்போது ஆகஸ்ட் மாதம் முழுதும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. நடைகளும் கண்காட்சிகளும் கூட்டத்தைக் கூட்டினாலும், நகரத்தின் வரலாறு குறித்துப் புதிதாக ஏதேனும் சொல்லப்படுவது பெரும்பாலும் மாலை நேர உரைகளில்தான். ஆகவே இத்திட்டத்தின் தரத்தை உரைகளைக் கொண்டே எடைபோட வேண்டும்.

இதற்கு மையக் குழு என்று சொல்லத்தக்க அதிகார அமைப்பு இல்லை. பொது நிதியும் இல்லை. ஒருங்கிணைப்பாளர்கள் நிகழ்ச்சி நிரலைத் திரட்டி அறிவிக்கிறார்கள். இடம், பேச்சாளர், தலைப்பு, செலவு எல்லாம் அந்தந்த நிகழ்ச்சியை நடத்துவோர் பொறுப்பு. பள்ளி, நூலகம், குடியிருப்போர் சங்கம், புத்தகக் கடை, நட்சத்திர விடுதி என யாரும் நடத்தலாம். மார்கழிக் கச்சேரிகளுக்குச் சபாக்கள் தனித்தனியே ஏற்பாடு செய்ய, எல்லாம் சேர்ந்து ஒரு பருவமாகத் திரள்வதைப் போன்றது இது. அரசின் கையை எதிர்பார்க்காமல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வரலாற்றுத் திட்டம் நிலைத்து நிற்பது தமிழ்நாட்டில் எளிதாகக் காணக் கிடைப்பதன்று. புரவலர் ஒருவர் விலகினால் ஓர் உரை நிற்கும், திட்டம் நிற்காது. 2019 ஏப்ரலில் முத்தையா மறைந்த பிறகும், பெருந்தொற்றுக் காலத்தில் அரங்குகள் மூடிய பிறகும் இது தொடர்ந்ததற்கு இந்த அமைப்புமுறையே காரணம்.

மேடை திறந்திருப்பதால் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் தொடாத செய்திகள் வெளிவருகின்றன. முத்தையாவே அத்துறைகளைச் சேர்ந்தவர் அல்லர். இலங்கையில் இதழாளராக இருந்து 1968இல் சென்னைக்கு வந்தவர். அவர் எழுதி 1981இல் வெளிவந்த நூல், பிற்காலத்தில் விரிவாக்கப்பட்டு ‘சென்னை மறுகண்டுபிடிப்பு’ என்று தமிழுக்கும் வந்தது. அவர் வழியில் பொறியாளர்கள், மருத்துவர்கள், வங்கி ஊழியர்கள், நாணயமும் அஞ்சல்தலையும் சேர்ப்போர் ஆகியோர் ஒரு தெருவையோ ஒரு கட்டடத்தையோ பல ஆண்டுகள் பின்தொடர்ந்து திரட்டியதை இம்மேடைகளில் முன்வைக்கிறார்கள். இவர்களுக்கு ஆய்விதழ்களில் இடம் கிடைக்காது. சென்னை வாரம் இல்லையேல் இவர்களின் சேகரிப்பு வீட்டு அலமாரியோடு முடிந்துவிடும்.

உரைகள் நேரடிப் பயன் தருவதற்கு நீர்நிலைகள் நல்ல சான்று. தியாகராய நகர், நெடுங்குளம் என்ற பழைய ஏரியின் படுகையில் எழுந்தது என்பதும், வள்ளுவர் கோட்டம் நிற்குமிடம் நுங்கம்பாக்கம் ஏரியின் பகுதி என்பதும், அக்கம்பக்கத்தில் ‘லேக் ஏரியா’ என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது என்பதும் பழைய நிலப்படங்களைப் பார்ப்போர் அறிந்தவை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இவை பொதுமக்களின் கேள்விகளாயின. தம் வீட்டு வாசலில் ஏன் தண்ணீர் தேங்குகிறது என்று கேட்பவருக்கு ஒரு பழைய வரைபடமும் அதை விளக்கத் தெரிந்த பேச்சாளரும் தருகிற விடை, எந்த அரசு அறிக்கையையும்விடத் தெளிவாக மனத்தில் பதிகிறது. வட்டார வரலாறு பெருமை பேசுவதற்கு மட்டுமன்று, குடிமக்கள் தம் உரிமையைக் கேட்பதற்கும் உதவும் என்பதை இத்தகைய உரைகள் நிறுவியிருக்கின்றன.

இனி குறைகளுக்கு வருவோம். நகரத்தின் தொடக்க நாள் பற்றிய வழக்கு பழையது. ஒப்புதல் ஆவணத்தின் படிகளில் ஜூலை 22 என்றே காணப்படுகிறது. டே அந்நாளுக்குப் பின்னரே மதராசப்பட்டினம் வந்து சேர்ந்தார் என்பதால் அதை ஆகஸ்ட் எனத் திருத்திக்கொண்டனர் ஆய்வாளர்கள். இந்தத் தேதிச் சிக்கல் சிறியது. அந்த நாளை நகரத்தின் பிறந்தநாள் என்று சொல்வதுதான் பெரிய சிக்கல். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலக் கல்வெட்டு இருக்கிறது. திருவொற்றியூரில் சோழர் கல்வெட்டுகள் நிறைய உள்ளன. போர்த்துக்கீசியர் கம்பெனிக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சாந்தோமில் குடியேறிவிட்டனர். 1863இல் ராபர்ட் புரூஸ் பூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கருவி மனித வாழ்வை இன்னும் எட்டாத தொலைவுக்குக் கொண்டுசெல்கிறது. பல ஊர்கள் ஒரே நகராட்சியின் கீழ் இணைந்து வளர்ந்ததற்கு 1639 தொடக்கப்புள்ளி என்று ஏற்பாட்டாளர்கள் தரப்பில் கூறப்படும் விளக்கம் பொருத்தமானதே. எனினும் எந்த நாளைத் தேர்ந்தாலும் அது தலைப்புகளை ஒரு பக்கம் இழுக்கும். கோட்டையிலிருந்து தொடங்கினால் ஆளுநர்கள், தேவாலயங்கள், வணிக நிறுவனங்கள், மன்றங்கள் என்று வரலாறு நடக்கிறது. மயிலாப்பூரையோ திருவொற்றியூரையோ தொடக்கமாகக் கொண்டால் வேறு மனிதர்கள் முன்னே வருவார்கள்.

மொழியும் இடமும் இந்தச் சாய்வை மிகுதியாக்கின. தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலான உரைகள் ஆங்கிலத்தில், தென்சென்னையின் அரங்குகளிலும் விடுதிகளிலும் நடந்தன. பின்னர் தமிழ் உரைகள் பெருகியுள்ளன; ஆனால் ஆங்கில உரையின் சுருக்கத்தைத் தமிழில் சொல்லிவிடுவதால் குறை தீராது. தமிழில் பேசும்போது சான்றுகளே மாறவேண்டும். வடசென்னையின் ஆலைத் தொழிலாளர் வரலாற்றை எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவின் முதல் ஒழுங்கமைந்த தொழிற்சங்கங்களில் ஒன்றாக எண்ணப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் பெரம்பூர் வட்டாரத்தில் பிறந்தது, பி. பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதில் முன்னின்றனர். 1921இல் பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலைகளில் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம் சாதி வழியாகப் பிளவுபட்டுப் புளியந்தோப்புக் கலவரத்துக்கு இட்டுச்சென்றது. நிறுவன ஆவணங்களை மட்டும் பார்த்துப் பேசினால் இது அவ்வாலைகளை நடத்திய பின்னி நிறுவனத்தின் வளர்ச்சிக் கதையில் ஓர் இடையூறாகிவிடும். திரு.வி.க.வின் எழுத்துகள், ஆதிதிராவிடத் தலைவர்களின் அறிக்கைகள், ஆலைக் குடும்பங்களின் நினைவுகள் ஆகியவற்றோடு பார்த்தால், நகரத்தின் சாதியும் கூலியும் குடியிருப்பும் எப்படிப் பின்னிக் கிடந்தன என்பது விளங்கும். அந்த ஆலைகளில் உழைத்த தலைமுறை வேகமாகக் குறைந்துவருகிறது. இவ்வுரைகளைப் பெரம்பூரிலும் புளியந்தோப்பிலுமே நடத்தவேண்டிய தேவை அதனால்தான் அவசரமானது.

எல்லாவற்றிலும் கடுமையான குறை, சொன்னதைச் சரிபார்க்க வழியில்லாமை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்தது ஆவணங்களில் உறுதியான செய்தி. விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் இருந்தார் என்பது பலரும் நம்பிச் சொல்லிவரும் கதை; அதற்கு ஏற்கத்தக்க சான்று கிடைக்கவில்லை. மேடையில் இவ்விரண்டும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு சொல்லப்பட்டால், கேட்பவர் எதைக் கொண்டு பிரித்தறிவார்? ஒரு மணி நேர உரையில் அடிக்குறிப்பு இல்லை. கேள்வி நேரம் பத்து நிமிடத்தில் முடிகிறது. அதிலும் நன்றியுரைக்குப் பாதி போகிறது. சுவையான தவறு அடுத்த ஆண்டு வேறொருவர் உரையில் மீண்டும் வருகிறது. சில ஆண்டுகளில் அதற்கு மரபின் தகுதியும் கிடைத்துவிடுகிறது.

இதற்கு மருந்து இத்திட்டத்தின் முன்னோடியிடமே இருந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ‘தி இந்து’ நாளிதழில் முத்தையா எழுதிய வாரப் பத்தியில், வாசகர் கடிதங்களுக்கென ஒரு பகுதி அடிக்கடி இடம்பெற்றது. முந்தைய வாரங்களில் எழுதியவற்றுக்கு வந்த மறுப்புகளையும் கூடுதல் தகவல்களையும் அதில் அவரே வெளியிட்டார். ஒரு குடும்பத்தின் பெயர், ஒரு கட்டடத்தின் ஆண்டு, ஒரு நிறுவனத்தின் கைமாற்றம் எல்லாம் அப்படித் திருந்தின. பத்தியின் நம்பகத்தன்மை அதனால் உயர்ந்ததே தவிரக் குறையவில்லை. அச்சில் அவர் கடைப்பிடித்த இந்த ஒழுங்கு, அவர் தொடங்கிய மேடைக்கு வந்து சேரவில்லை. ஒவ்வொரு பேச்சாளரும் தம் முதன்மைச் சான்றுகளை ஒரு பக்கத்தில் எழுதித் தந்து, கேட்டோர் அனுப்பும் திருத்தங்களை அதோடு சேர்த்து வைத்தாலே போதும். அதற்குப் பணம் தேவையில்லை. யாரேனும் பொறுப்பேற்க வேண்டும். மைய அமைப்பு இல்லாததன் இழப்பு இந்த இடத்தில்தான் தெரிகிறது.

கேட்போரை வெறும் பார்வையாளராக அமரவைப்பதும் இதோடு சேர்ந்த பிழை. மூர் மார்க்கெட் 1985இல் எரிவதற்கு முன் அங்கே கடை வைத்திருந்தவர், டிராம் வண்டியில் பயணித்தவர், கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்குப் பெயர்க்கப்பட்டவர் போன்றோர் உயிருள்ள சான்றுகள். இவர்களில் முதலிரு வகையினர் அரங்கில் எழுந்து ஓரிரு நிமிடம் பேசுகிறார்கள். பேச்சு கைதட்டலோடு கரைந்துவிடுகிறது. மூன்றாம் வகையினர் அரங்குக்கு வருவதே அரிது. ஆற்றோரக் குடிசைப் பகுதிகளுக்குக் கட்டட வரலாறு கிடையாது. அங்கே வாழ்ந்தவர் நினைவு மட்டுமே ஆவணம். இருபது கிலோமீட்டருக்கு அப்பால் சிதறிப்போன அம்மக்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு போகாவிட்டால், நகரத்தின் ஒரு பெரும் பகுதிக்கு வரலாறே எழுத இயலாமற்போகும்.

ஒப்புநோக்க, தமிழ் பாரம்பரிய அறக்கட்டளை மாதம் ஓர் உரை என்ற அளவில் நடத்தி, அவற்றைக் காணொளியாகப் பொதுவில் வைக்கிறது. எண்ணிக்கை குறைவு, ஆனால் பேசியதைத் திரும்பக் கேட்டு மறுக்கவும் மேற்கோள் காட்டவும் முடிகிறது. சென்னை வாரத்திலும் சில உரைகள் பதிவாகின்றன, எனினும் அவை ஆளுக்கொரு பக்கம் கிடக்கின்றன. தரமணியில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஆவணக் காப்பகம் ஒன்றில் உரைகளின் பதிவும் படங்களும் ஆண்டுவாரியாகச் சேர்க்கப்பட்டால், பிற்கால ஆய்வாளருக்கு அதுவே முதன்மைச் சான்றாகும்.

நகரம் 300 ஆண்டு கண்டபோது, 1939இல் அறிஞர்கள் பலரின் கட்டுரைகளோடு நினைவு மலர் ஒன்று வெளியிடப்பட்டது. இன்றும் ஆய்வாளர்கள் அதைப் புரட்டுகிறார்கள். 400ஆம் ஆண்டு 2039இல் வருகிறது. 2004 முதல் நிகழ்ந்த உரைகளிலிருந்து தேர்ந்தெடுத்தால் அதைவிடப் பெரிய, பல தரப்பு மக்களின் குரல் கொண்ட தொகுதிகளை உருவாக்கலாம். அதற்கு முதலில் பேச்சாளர்களிடம் எஞ்சியிருக்கும் குறிப்புகளையும் படங்களையும் திரட்ட வேண்டும். தொடக்க ஆண்டுகளில் பேசியவர்கள் பலர் முதியவர்களாதலால் அப்பணியை அவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும்.