வாட்டர்லூவுக்கு வந்த பச்சைக் கம்பளம்

ஆறு மில்லிமீட்டர் பொம்மை வீரர்களுக்காகச் செய்யும் வாட்டர்லூ களங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மனக்குறை. பண்ணை வீடுகள் அச்சு அசலாக இருக்கும். தரை மட்டும் கிரிக்கெட் மைதானம் மாதிரி ஒரே பச்சை, ஒரே மட்டம்.

1815 ஜூன் 18 அன்று அங்கே இருந்தது புல்வெளியா? முந்தைய இரவு மழையில் ஊறிய சேறு, ஆள் உயர ரை பயிர். எல்லாவற்றையும்விட முக்கியம், மேடு. வெலிங்டன் தன் படையில் பெரும்பகுதியை அதன் மறுசரிவில்தான் மறைத்து வைத்தார்.

இன்று நேரில் போனாலும் அந்த மேடு முழுசாகக் கிடைக்காது. 1826இல் முடிந்த சிங்க மேட்டுக்காக அங்கிருந்தே மண்ணை வெட்டிவிட்டார்கள்.

என் முதல் மேசையும் பச்சைக் கம்பளம்தான். மூன்று ஆட்டத்திலும் நெப்போலியனே ஜெயித்தார். ஆடியவர் கெட்டிக்காரர்னு நினைத்தோம். பிறகுதான் புரிந்தது, அவருடைய பீரங்கிகளுக்கு மறைவே இல்லாமல் எல்லாம் தெரிந்திருக்கிறது!

அடுத்த முறை ஃபோம் அட்டையைச் சரிவாகச் சீவி, பசையில் மணல் தூவி, அடர் பழுப்பு பூசினேன். காய்ந்த பிரஷ்ஷால் மேலே வெளிர் பழுப்பு. பயிருக்குத் தேங்காய்நார் மிதியடியை ஆறு மில்லிமீட்டருக்குக் கத்தரித்தேன். மேட்டின் உயரத்தை வேண்டுமென்றே கூட்டினேன். தரை அளவுப்படி செய்தால் அது கண்ணுக்கே தெரியாது.

இது பொய்யில்லையா என்று கேட்கலாம். வீரர்களை மறைக்காத மேடுதான் பெரிய பொய்.