கிண்ணம் ஒன்று, வரிசை இரண்டு

அப்பம் ஒரு துண்டு. திராட்சை ரசம் ஒரு மிடறு. முழந்தாளிட்டவன் நாவில் இவை பட்டால் பாவம் தீரும் என்கிறார் பாதிரியார். எண்ணெய் பூசித் தலைமேல் கைவைத்து மன்றாடினால் பிணியும் தீரும் என்கிறார். விருந்தும் மருந்தும் ஒரே பீடத்தில்! திருநீற்றை மருந்தென விழுங்குவோனைக் கேள்வி கேட்கும் நாம், இதைமட்டும் கேளாது விடலாமா, தோழர்களே?

மருந்தை முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. தமக்காக எவரும் வேண்டுகிறாரா என்று அறியாதிருந்தோரில், வேண்டப்பட்டவருள் 52 விழுக்காட்டினருக்கும், வேண்டப்படாதவருள் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல் நேர்ந்தது. வேண்டுகிறார்கள் என்று உறுதியாக அறிந்தோரிலோ 59! வேண்டுதல்தான் கெடுத்தது என்று நாம் கூறமாட்டோம். அவசர முடிவு பகுத்தறிவாளனுக்கு அழகன்று. நலம் செய்யவில்லை என்பது மட்டும் தெளிவு. நோயாளியின் கையைப் பற்றி ஆறுதல் கூறுவதை எவரும் பழிக்கவில்லை. மருந்துப் புட்டியைத் தூர எறி என்னும்போதுதான் ஆறுதல் கொலையாகிறது.

இனி விருந்து. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் மடலின் 11ஆம் அதிகாரத்தை நம் இளைஞர்கள் படிக்கவேண்டும். பக்திக்காக அல்ல, அதிலுள்ள சினத்திற்காக. வசதி படைத்தோர் முந்திக்கொண்டு உண்டு குடித்து வெறிக்கின்றனர், இல்லாதோர் பசித்திருக்கின்றனர். இதுவா ஆண்டவரின் பந்தி என்று சீறுகிறார் பவுல். இப்படித் தகுதியின்றி உண்பதால்தான் உங்களிற் பலர் நோயுற்றீர், சிலர் மாண்டீர் என்கிறார். நோய்க்கு அவர் காட்டிய காரணத்தை அறிவியல் ஏற்காது. ஆனால் பந்தியைப் பிடித்த நோய் எது என்பதில் அவர் கண் தவறவில்லை.

அந்த நோய் நம் நாட்டுக்கு வந்து சாதியாக வளர்ந்தது. தனி இருக்கை, பந்திக்கு வருவதிலும் முன்பின் வரிசை! 1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் இவ்வேற்றுமைகளை விட்டொழிக்கச் சொன்னார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடவில்லை. சபையை விட்டு வெளியேறினர்! இயேசுவைப் பாடிய தஞ்சைக் கவிஞர் வேதநாயக சாத்திரியாரும் சாதி முறைக்கே துணை நின்றார். இனிய தமிழ் அவருடையது. அதனால் இக்குற்றம் சிறிதாகிவிடாது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்திலோ கத்தோலிக்கக் கோயிலையே இரு கிளையாகக் கட்டினர். பீடம் ஒன்று; அதைப் பார்த்து நிற்க வேளாளருக்கு ஒரு புறம், நாடாருக்கு மறுபுறம், நடுவே சுவர். 1910இல் பாதிரிமார் அச்சுவரை இடித்தனர். பாராட்டுகிறோம். இழந்த சுவருக்காக நீதிமன்றப் படியேறியவர்களை என்னென்பது?

குருடன் பார்ப்பான், முடவன் நடப்பான் என்று கூவும் சபையிடம் நாம் அற்புதம் கேட்கவில்லை. முன்னால் நிற்பவனைப் பின்னால் வரச்சொல்ல எண்ணெயும் வேண்டாம், மன்றாட்டும் வேண்டாம். பழங்கதை என்பீரா? அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், சமமாக நடத்தப்படாத தாழ்த்தப்பட்ட கத்தோலிக்கர் தமக்கெனத் தனிப் பங்கு கேட்டனர். 2008 மார்ச்சில் சாதிக் கிறித்தவர் அவர்களைத் தாக்கினர், காவல்துறை சுட்டது, இருவர் மாண்டனர்.